திண்டிவனம்–விழுப்புரம் சாலையும் லாரி ஓட்டுநர்களுக்கான விதித்தளர்வுகளும்

பேரிடர், பெருந்தொற்று போன்ற நெருக்கடிகளின்போது சரக்கு லாரிகளின் ஆவணம், வழித்தடம், ஓட்டுநரின் வேலைநேரம் ஆகியவை பற்றிய விதிகளை அரசு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தளர்த்துவது தற்காலிக விதித்தளர்வு ஆகும். விழுப்புரம் மாவட்டத்தின் வழியாகச் செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை 2020-இல் கொரோனா பெருந்தொற்றையும் 2024-இல் ஃபெஞ்சல் புயலையும் எதிர்கொண்டது. எந்த விதியைத் தள்ளிவைக்கலாம், எதைத் தள்ளிவைத்தால் ஆபத்து என்பதை இவ்விரு நிகழ்வுகளின் வழியே அறியலாம்.

அமைவிடம்

திண்டிவனமும் விழுப்புரமும் ஏறத்தாழ 40 கி.மீ. இடைவெளியில் உள்ளன. தேசிய நெடுஞ்சாலை 45 என்று அறியப்பட்ட சாலையின் இப்பகுதி இப்போது தேசிய நெடுஞ்சாலை 132 எனப்படுகிறது. திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கும் சாலைகள் பிரிகின்றன. விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர் சாலை பிரிகிறது. தென்மாவட்டங்களிலிருந்தும் காவிரிப் படுகையிலிருந்தும் சென்னைக்குச் செல்லும் லாரிகளில் பெரும்பகுதி இங்கே ஒன்றுசேர்கிறது. எனவே இச்சாலை அடைபட்டால் சென்னையின் காய்கறி வரத்து பாதிக்கப்படும்.

சட்டப் பின்னணி

ஓட்டுநரின் வேலைநேரத்துக்கு வரம்பு வேண்டும் என்ற கருத்து 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இடம்பெற்றது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வரையறுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றது. நெடுந்தொலைவுப் பயணங்களுக்கு உரிய அனுமதியுடன் நாளொன்றுக்கு 10 மணி நேரம் வரை இடமளித்தது.

அச்சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு உரியது. ஒன்றிரண்டு லாரிகள் மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் அதன் எல்லைக்கு வெளியே இருந்தனர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு அதே நேர வரம்பைப் போக்குவரத்து வாகனங்களை இயக்கும் அனைவருக்கும் பொதுவாக்கியது. அவசர நிலையிலும், முன்கூட்டி அறிய முடியாத தாமதத்திலும் மாநில அரசு அரசிதழ் அறிவிப்பின் மூலம் விலக்கு அளிக்கலாம் என்றும் அப்பிரிவு கூறியது. 2020-இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

2020: ஆவணங்களுக்குக் கிடைத்த அவகாசம்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் வழக்கம்போல் இயங்காததால் லாரிகளுக்கு எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க இயலவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மார்ச் 30 அன்று ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. பிப்ரவரி 1 முதல் காலாவதியான தகுதிச் சான்று, பெர்மிட், ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று ஆகியவற்றை ஜூன் 30 வரை செல்லுபடியாகக் கருத வேண்டும் என்பது அதன் சாரம். சுங்கக் கட்டணமும் ஏப்ரல் 20 வரை நிறுத்திவைக்கப்பட்டது.

ஏப்ரல் 15 அன்று உள்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு லாரியில் இரண்டு ஓட்டுநர்களும் ஓர் உதவியாளரும் செல்ல அனுமதித்தது. நெடுஞ்சாலை உணவகங்களையும் லாரி பழுதுபார்க்கும் கடைகளையும் திறக்கச் சொன்னது. தேசிய பெர்மிட் பெற்ற கனரக லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2018-இல்தான் நீக்கப்பட்டிருந்தது.

லாரிகள் ஓடியதால் உணவுப் பொருள் வரத்து நிற்கவில்லை. ஆனால் நோயும் அதே சாலையில் பயணித்தது. ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாக விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் தொற்று வேகமாகப் பரவியது. மே 5 முதல் சந்தை மூடப்பட்டது.

ஆவணங்களுக்கான அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டு 2021 அக்டோபர் 31 அன்று முடிந்தது. எட்டு ஆண்டுக்கு மேல் பழைமையான லாரி ஆண்டுதோறும் தகுதிச் சோதனைக்கு வர வேண்டும் என்பது விதி. 2020 பிப்ரவரி 1 அன்று சான்று காலாவதியான லாரி, பிரேக், ஸ்டியரிங், விளக்குகள் சோதிக்கப்படாமலேயே 21 மாதங்கள் ஓட முடிந்தது. மூன்றாம் நபர் காப்பீட்டைப் புதுப்பிக்கத் தந்த சலுகையோ 2020 மே 15 வரை மட்டுமே நீடித்தது.

அமெரிக்கா வேறு வழியைப் பின்பற்றியது. 2020 மார்ச் 13 அன்று அங்கு வெளியான அறிவிப்பு, நிவாரணப் பொருள் ஏற்றிய லாரிகளுக்கு வேலைநேர வரம்பையே தளர்த்தியது.

2024: ஃபெஞ்சல் புயல்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவானது. விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூர் பகுதியில் நெடுஞ்சாலை மேல் வெள்ளம் பாய்ந்ததால் டிசம்பர் 2 அன்று போக்குவரத்து நின்றது. வாகனங்கள் மாற்றுப்பாதைகளில் திருப்பிவிடப்பட்டன.

இத்தகைய நிலைக்கு 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் முன்பே வழி உண்டு. வெள்ளம், நிலநடுக்கம், சாலை அடைப்பு ஆகியவற்றால் வேறு பாதையில் திருப்பிவிடப்படும் வாகனத்துக்கு அப்பாதைக்குரிய பெர்மிட் தேவையில்லை. ஆனால் மாற்றுப்பாதை பயணத்தை நீட்டிக்கிறது. டிரிப் கணக்கில் கூலி பெறும் ஓட்டுநருக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு வருமானம் இல்லை. அதனால் சாலை திறந்ததும் இழந்த நேரத்தை ஈடுகட்ட உறக்கத்தைக் குறைத்துக்கொள்ளும் நெருக்கடி ஏற்படுகிறது.

தளர்வும் பொறுப்பும்

தளர்வு ஆணைகள் தண்டத்திலிருந்து மட்டுமே பாதுகாப்பு அளிக்கின்றன. குறைபாடுள்ள வாகனத்தை ஓட்டுவதும், ஓட்ட அனுமதிப்பதும் குற்றம் என்னும் 190ஆம் பிரிவைப் பெருந்தொற்றுக்கால அறிவுறுத்தல் தொடவில்லை. சான்றுக்கு அவகாசம் இருந்த 21 மாதங்களிலும் டயரையும் பிரேக்கையும் சரிபார்க்கும் கடமை உரிமையாளரிடமும் ஓட்டுநரிடமுமே இருந்தது.