கொழுப்பு மாத்திரை போட்டால் பிரஷரும் குறையுமா? பிபி மாத்திரையை நிறுத்தலாமா?

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டி, கவுஞ்சி போன்ற ஊர்களில் இருந்து டாக்டரைப் பார்க்க டவுனுக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. "ரெண்டு மாத்திரை எதுக்கு, ஒண்ணு போதாதா?" என்று கேட்பது இயல்புதான்.

கொழுப்பு மாத்திரை என்ன செய்யும்?
அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரைகள் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கும். ரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறையும்.

பிரஷர் குறையுமா?
கொஞ்சம்தான். ஆய்வுகளில் மேல் அளவு சராசரியாக 2 புள்ளி அளவுக்கே குறைந்தது. 160 இருப்பவருக்கு இது போதாது.

பிறகு ஏன் தருகிறார்கள்?
மாரடைப்பைத் தடுக்க. ரத்த அழுத்தத்தோடு வேறு சில ஆபத்துகளும் இருந்த சுமார் 10,000 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த ஆஸ்காட் ஆய்வு 2003-ல் வெளியானது. தினமும் 10 மி.கி. அட்டோர்வாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு 36% குறைவு. இத்தனைக்கும் அவர்களுக்குக் கொலஸ்ட்ரால் பெரிதாக ஏறியிருக்கவில்லை.

மலைப்பூண்டு சாப்பிட்டால் போதாதா?
2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை வழக்கம்போல சமையலில் சேர்க்கலாம். ஆனால் அது மாத்திரைக்கு மாற்று அல்ல.

இதை மறக்காதீங்க
* பிபி நார்மல் என்று வந்தால், அது மாத்திரை வேலை செய்வதால்தான். நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* காரணமில்லாமல் தசை வலி இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.
* 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி மாத்திரை வீட்டுக்கே வரும். கொழுப்பு மாத்திரை உங்களுக்குத் தேவையா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.