நங்கூரச் சின்னமும் பெருங் கம்பனிகளும்

சிறு தொழில் வளர்ந்து பெருந்தொழிலாவதும், பெருந்தொழில் தன்னைச் சூழ்ந்துள்ள சிறு தொழில்களை விழுங்குவதும் உலகிற் புதியனவல்ல. ஆயினும், விழுங்கப்பட்ட ஒரு தொழில் மீண்டும் முளைத்தெழுந்து, விழுங்கியோரையே அச்சுறுத்தி, பின்னர் வேறொரு வழியாற் கைப்பற்றப்பட்ட வரலாறு அரிது. அத்தகைய வரலாறு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பியர்த் தொழிலுக்கு உண்டு. மதுவை விரும்புவோர் மட்டுமன்றி வெறுப்போரும் இதனை அறிதல் தகும். ஒரு பொருளைச் செய்பவர் யார், அப்பொருளின் பெயருக்கு உரியவர் யார் என்னும் வினாவே இவ்வரலாற்றின் உட்பொருளாக அமைந்துள்ளது.

1873ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் 4,000க்கும் மேற்பட்ட பியர் ஆலைகள் இயங்கின. அவற்றுட் பல ஜேர்மனியிலிருந்து குடியேறியோர் நிறுவியவை. ஊருக்கு ஓர் ஆலை இருந்தது. ஆலைக்கு ஒரு சுவை இருந்தது. இருப்புப்பாதையும், குளிரூட்டும் பொறியும், போத்தலில் அடைக்கும் முறையும் வந்தபோது வலியோர் தம் சரக்கைத் தொலைவிலுள்ள நகரங்களுக்கும் அனுப்பத் தொடங்கினர், எளியோர் நலிந்தனர். 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கு எஞ்சியோரிற் பலரையும் அழித்தது. விலக்கு நீங்கிய பின்னர், விளம்பரச் செலவைத் தாங்கக்கூடிய சில கம்பனிகளே சந்தையைத் தமதாக்கின. 1970களின் இறுதியில், அத்தனை பெரிய நாட்டில் நூறு ஆலைகள்கூட எஞ்சவில்லை. எஞ்சிய ஆலைகளின் பியரும் பெரும்பாலும் ஒரே நிறமும் ஒரே சுவையும் உடையதாயிருந்தது.

இக்காலத்திலேயே மறுமலர்ச்சியின் வித்தும் ஊன்றப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ நகரில் 1896ஆம் ஆண்டு முதல் 'அங்கர்' என்னும் சிற்றாலையொன்று இருந்து வந்தது. அங்கர் என்பது நங்கூரம். 'ஸ்ரீம் பியர்' எனப்படும் பழைய கலிபோர்னிய வகையை அது வடித்தது. பனிக்கட்டி கிடைத்தற்கரிய அக்கரையோரத்தில், குளிரில் நொதிக்க வேண்டிய மதுவத்தைக் குளிரூட்டாமலே ஆழமற்ற தொட்டிகளில் நொதிக்கவிட்டு ஆக்கிய பியர் அது. வறுமை கற்பித்த செய்முறையே அதன் தனிச்சிறப்பாயிற்று.

1965ஆம் ஆண்டில் இவ்வாலை மூடப்படும் நிலையை எய்தியது. சலவைப் பொறிகளாற் புகழ்பெற்ற மேற்றாக் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் பிரிற்ஸ் மேற்றாக், தாம் விரும்பியருந்திய பியர் மறைந்துபோவதைப் பொறாது, சில ஆயிரம் டொலர் கொடுத்து ஆலையின் 51 சதவீதப் பங்கை வாங்கினார். தொழிலைத் தாமே பயின்று, துப்புரவையும் தரத்தையும் உயர்த்தினார். 1971ஆம் ஆண்டில் அங்கர் பியர் போத்தலில் வெளிவந்தது. பின்னர் அத்தொழிலில் இறங்கிய புதியோர்க்கு, போட்டியாளர் என்று கருதாது, மேற்றாக் ஆலோசனை வழங்கினார்.

சட்டமும் துணைநின்றது. 1976ஆம் ஆண்டில், சிற்றாலைகள் வடிக்கும் முதல் 60,000 பீப்பாய்களுக்குரிய தீர்வை, பீப்பாய் ஒன்றுக்கு 9 டொலரிலிருந்து 7 டொலராகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஜாக் மக்கோலிப் என்பவர் சொனோமாவில் 'நியூ அல்பியன்' ஆலையை நிறுவினார். அது 1982இல் மூடப்பட்டதாயினும், பின்வந்தோர்க்கு வழிகாட்டியது. 1978இல் ஜனாதிபதி காட்டர் கையொப்பமிட்ட சட்டம், வீட்டுப் பாவனைக்குப் பியர் வடிப்பதற்கு இடமளித்தது. வீட்டுச் சமையலறையிற் பயின்ற கைகளே பின்னர் ஆலைகளை நிறுவின. 1980இல் கென் குரொஸ்மன் தொடங்கிய 'சியரா நெவாடா'வும், 1988இல் ஜோன் ஹோல் சிக்காகோவில் தொடங்கிய 'கூஸ் ஐலண்ட்'டும் அவ்வழி வந்தவை.

பெருங் கம்பனிகள் முதலில் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆனால், தம் விற்பனை தளர்வதையும் சிற்றாலைகளின் விற்பனை ஏறுவதையும் கண்டபோது, போட்டியிடுவதினும் வாங்கிவிடுதல் எளிதென எண்ணின. 2008ஆம் ஆண்டில் பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட 'இன்பெவ்', பட்வைசர் பியரின் சொந்தக்காரரான 'அன்ஹைசர்-புஷ்' கம்பனியை 5,200 கோடி டொலருக்கு வாங்கியது. அவ்வாறு உருவான பெருங் கம்பனி, 2011இல் கூஸ் ஐலண்டை 3 கோடியே 88 இலட்சம் டொலருக்குத் தனதாக்கியது. கூஸ் ஐலண்டின் பியர் ஒன்றுக்கு '312' என்று பெயர். அது சிக்காகோவின் தொலைபேசிக் குறியீட்டு எண். விற்பனைக்குப் பின்னர் அந்தப் பியர் நியூயோர்க் மாநிலத்திலுள்ள பேராலையொன்றில் வடிக்கப்படலாயிற்று. சிக்காகோவின் எண்ணைத் தாங்கிய போத்தல் வேற்று மாநிலத்திலிருந்து சிக்காகோவுக்கு வந்தது.

இதற்காக விற்றோரை மட்டும் பழிப்பது முறையாகாது. ஆலையை விரிவாக்கப் பெருமுதல் வேண்டும், வங்கிக் கடன் கழுத்தை நெரிக்கும், நிறுவியவர் முதுமையடைவார், பங்காளர் தம் பணத்தைத் திருப்பிக் கேட்பர். 'நியூ பெல்ஜியம்' என்னும் கொலராடோ ஆலை முற்றிலும் தொழிலாளருக்கே உரியதாயிருந்தது. அதுவும் 2019இல், ஜப்பானிய 'கிரின்' கம்பனியின் துணை நிறுவனத்துக்கு, தொழிலாளரின் வாக்கெடுப்பினாலேயே விற்கப்பட்டது. 300க்கும் மேற்பட்டோர் தம் ஓய்வுகால நிதிக்கு ஒவ்வொருவரும் ஓர் இலட்சம் டொலருக்கு மேற் பெறுவரென ஆலை அறிவித்தது. உழைப்பாளியின் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று.

சியாற்றில் நகரின் 'எலீசியன்' ஆலையில் நிகழ்ந்தது வேறு. அதனை நிறுவிய மூவருள் ஒருவரான டிக் கான்ற்வெல் விற்பனையை எதிர்த்தார். ஏனை இருவரின் விருப்பமே வென்றது. 2015 ஜனவரியில் அன்ஹைசர்-புஷ் அதனை வாங்குவதாக அறிவித்தது. சில நாட்களில், நாடே பார்க்கும் உதைபந்தாட்ட இறுதிப் போட்டியின்போது, பட்வைசரின் விளம்பரம் பூசணியும் பீச் பழமும் சேர்த்த பியரை நுகர்ந்து பார்ப்போரை எள்ளி நகையாடியது. அத்தகைய பியரை வடித்திருந்த ஆலை எலீசியனே. கான்ற்வெல் அவ்வாண்டிலேயே விலகினார்.

வாங்கியவருக்குக் கிட்டியது பியரும் பெயரும் மாத்திரமன்று. மதுவிலக்கு நீங்கிய பின்னர், வடிப்போர், மொத்தமாக விநியோகிப்போர், சில்லறையாக விற்போர் ஆகிய மூவரும் வேறு வேறானவராயிருத்தல் வேண்டும் என்னும் முறையைப் பெரும்பாலான மாநிலங்கள் வகுத்தன. சிற்றாலையின் பியர் கடைக்குச் செல்ல, விநியோகத்தரின் வண்டியில் இடம் வேண்டும். அவ்வண்டியோ பெருங் கம்பனியின் சரக்காற் பிழைப்பது. அக்கம்பனியிடமே பலவகைச் சிற்றாலைப் பெயர்களும் சேர்ந்துவிட்டால், கடைக்காரர் வேண்டும் வகையனைத்தையும் அதுவே கொடுத்துவிடும். சுயாதீனமான ஆலைக்குத் தட்டில் இடமேது? 2016இல் இக்கம்பனி 'சப்மில்லர்' கம்பனியையும் வாங்கியபோது, அமெரிக்க நீதித் திணைக்களம் குறுக்கிட்டது. போட்டியாளரின் பியரை விற்கவிடாது விநியோகத்தரைத் தூண்டும் ஊக்கக் கொடுப்பனவுகளுக்கு வரம்பு விதித்தது.

சிற்றாலைகளின் சங்கமும் வாளாவிருக்கவில்லை. வேறொரு மதுபானக் கம்பனி 25 சதவீதமோ அதற்கு மேலோ உரிமைகொண்ட ஆலை தம் வகையைச் சேராதென வரையறுத்தது. 2017இல், தலைகீழான போத்தல் பொறித்த முத்திரையொன்றையும் வெளியிட்டது. குடிப்பவர் தம் பணம் யாரைச் சேர்கிறதென அறிதற்கு அது உதவியது.

வாங்கியோரும் எப்போதும் வெற்றி காணவில்லை. 'கொன்ஸ்ரலேஷன்' கம்பனி, சான் டியேகோவின் 'பலஸ்ற் பொயின்ற்' ஆலையை 2015இல் ஏறத்தாழ 100 கோடி டொலருக்கு வாங்கிப் பெரும் நட்டமடைந்தது. 2019இல் அதனைப் பெயரறியாச் சிற்றாலையொன்றுக்கு விற்பதாக அறிவித்தது. 2023இல் அன்ஹைசர்-புஷ்ஷும் தான் திரட்டிய பெயர்கள் சிலவற்றை 'ரில்ரே' என்னும் கனேடியக் கம்பனிக்குக் கைமாற்றியது.

எல்லாவற்றுக்கும் முன்னோடியான அங்கரின் கதி யாது? மேற்றாக் 2010இல் அதனை விற்று ஓய்வுபெற்றார். 2017இல் அது ஜப்பானின் 'சப்போரோ' கம்பனியைச் சேர்ந்தது. 2019இல் தொழிலாளர் சங்கம் அமைத்தனர். 2021இல் போத்தலின் பழைய ஓவியம் நீக்கப்பட்டுப் புதுத் தோற்றம் புகுத்தப்பட்டபோது நெடுங்கால அன்பர் மனம் வருந்தினர். விற்பனை வீழ்ந்தது, பெருந்தொற்றும் வந்துற்றது. 2023 ஜூலையில், 127 ஆண்டு கண்ட ஆலை மூடப்படும் என்னும் அறிவித்தல் வெளியாயிற்று. தொழிலாளர் தாமே அதனை வாங்கிக் கூட்டுறவாக நடத்த முயன்றனர், கைகூடவில்லை. 2024இல், தயிர் விற்பனையாற் செல்வந்தரான ஹம்தி உலுகாயா, ஆலையையும் அதன் பெயரையும் செய்முறைகளையும் வாங்கினார்.

1965இல் ஓர் இளைஞர் சில ஆயிரம் டொலரால் மீட்ட ஆலையை, பெருமுதல் படைத்த கம்பனியாற் காக்க முடியவில்லை. மேற்றாக் ஆலையை வாங்கியபோது அதன் தொட்டியருகே நின்று தொழில் பயின்றார். சப்போரோவுக்கோ அது கணக்கேட்டின் ஒரு வரியாயிருந்தது. நட்டம் வந்த ஆண்டில் மேற்றாக் தொழிலைத் திருத்தினார். கம்பனி அந்த வரியை அடித்தது. ஆயினும், 1970களில் நூறுக்கும் குறைந்திருந்த ஆலைகள் 2020களில் 9,000க்கும் மேலாகப் பெருகியுள்ளன. சிறியோர் விற்றுச் செல்லும் இடத்தில் வேறு சிறியோர் தோன்றுகின்றனர். பெயரையும் கட்டடத்தையும் பணத்தால் வாங்கலாம்; அப்பெயருக்கு மதிப்பைத் தேடித்தந்த கைத்திறனோ, ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகக் கற்றே பெறவேண்டியதாயிருக்கின்றது.