அப்பத்தாவும் 37.5 டிகிரியும்: ஒரு தொப்புள் கதை

எங்க ஊர் சின்னமனூர் பக்கம். 1895-ல் பெரியாறு அணை வந்ததிலிருந்து ரெண்டு போகம் விளையற பூமி. ஒரு பக்கம் நெல்லு, இன்னொரு பக்கம் திராட்சைப் பந்தல், நிமிர்ந்து பார்த்தா மலை. நான் பொட்டி தட்டுறது சென்னையில. போன வருஷம் ரெண்டு மாசம் வீட்டிலிருந்தே வேலைன்னு ஊருக்குப் போனப்ப, கை சும்மா இருக்காம ஒரு இன்குபேட்டர் செஞ்சேன். தெர்மாகோல் பெட்டி, ரெண்டு பல்பு, ஒரு சென்சார், கம்ப்யூட்டர்லேர்ந்து கழட்டின குட்டி ஃபேன். என்ஜினியரிங் படிச்சதுக்கு இதுவாவது செய்யணும்ல :-)

அப்பத்தா முறை வேற. மண்ணு பரப்பின கூடையில பன்னெண்டு, பதிமூணு முட்டை, பக்கத்துல இடிக்குக் காவலா ஒரு இரும்புத் துண்டு, மேல அடைக்கோழி. பொரிச்சதும் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்துல கவுத்துரும். அவ்ளோதான் டெக்னாலஜி.

நான் 30 முட்டை வச்சேன். 19 பொரிச்சது. ஊரெல்லாம் போட்டோ அனுப்பினேன். மூணாம் நாள் பார்த்தா சில குஞ்சுகளுக்கு வயிறு உப்பி, தொப்புள் ஈரமா, சுத்திலும் கருத்துப்போய், ஒரு கெட்ட வாடை. ஆறாம் நாளுக்குள்ள ஏழு போயிருச்சு. அப்பத்தா ஒரே வரியில முடிச்சிருச்சு: "கோழி ஒக்காராம பல்பு ஒக்காந்தா இப்படித்தாண்டா."

இந்தப் பதிவு அந்த ஏழோட போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். தேடப் போய் ரெண்டாயிரம் வருஷக் கதை மாட்டிக்கிச்சு.

கோழிக்குஞ்சுக்கு ஏது தொப்புள்னு கேட்காதீங்க. இருக்கு. முட்டைக்குள்ள குஞ்சுக்குச் சாப்பாடு மஞ்சள் கரு. பொரியறதுக்கு ஓரிரு நாள் முன்னாடி, மிச்சமிருக்கிற மஞ்சள் கருப் பையைக் குஞ்சு அப்படியே தன் வயித்துக்குள்ள இழுத்துக்கும். இழுத்த வழி மூடுற இடம்தான் தொப்புள். கி.மு. நாலாம் நூற்றாண்டுலயே அரிஸ்டாட்டில் முட்டைகளை ஒவ்வொரு கட்டமா உடைச்சுப் பார்த்து இதை எழுதி வச்சிருக்கார். பொரிச்சுப் பத்து நாள் ஆன குஞ்சை அறுத்தாலும் கொஞ்சம் மஞ்சள் கரு குடலோட ஒட்டி மிச்சமிருக்கும்ங்கிற வரைக்கும் கவனிச்சிருக்கார். மனுஷன் கையில லென்ஸ்கூடக் கிடையாது!

எகிப்துல சாணிச் சூட்டுல முட்டை பொரிக்கிறாங்கன்னும் அவரே சொல்றார். பின்னாடி அங்க மண் அடுப்புகள்ல ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிச்சிருக்காங்க. தெர்மாமீட்டர் இல்லாம, முட்டையைக் கண் இமையில வச்சே சூட்டைக் கணிச்சாங்களாம். அதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பிரெஞ்சு விஞ்ஞானி ரியோமூர், 1749-ல் செயற்கையா முட்டை பொரிக்கிறதைப் பத்தி ஒரு புத்தகமே போட்டார். 1879-ல் கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைஸ் இன்குபேட்டர் செஞ்சார். அந்த ஊருக்கு உலகத்தோட முட்டைக்கூடைன்னு பேரே வந்துச்சு.

இனிமேதான் விஷயமே. வயித்துல மஞ்சள் கரு இருக்கிறதால புதுக்குஞ்சு ரெண்டு மூணு நாள் தீனி தண்ணி இல்லாமத் தாங்கும். இதை நம்பி 1892-ல் நியூஜெர்சியிலேர்ந்து ஜோசப் வில்சன்னு ஒருத்தர் ரயில்ல குஞ்சுகளை ஒஹையோவுக்கு அனுப்பினார். 1918-லிருந்து அமெரிக்கத் தபால்துறையே குஞ்சுப் பார்சலை வாங்க ஆரம்பிச்சுது. நம்ம நாட்டுலயும் 1971-ல் பி.வி. ராவ் ஆரம்பிச்ச வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் மாதிரி நிறுவனங்கள் வளர்ந்து, ஒருநாள் வயசுக் குஞ்சு அட்டைப்பெட்டியில ஊர் ஊராப் போற காலம் வந்துச்சு. இன்னைக்குக் கோழி வியாபாரம் மொத்தமும் அந்தக் கட்டுச்சோத்தை நம்பித்தான் ஓடுது.

சிக்கலும் அதே கட்டுச்சோத்துலதான். தொப்புள் சரியா மூடலைன்னா கிருமி நேரா மஞ்சள் கருவுக்குப் போயிரும். சத்தும் சூடும் இருக்கிற இடம், ஈ.கோலை மாதிரி கிருமிகளுக்கு விருந்து. அடைக்கோழியிலயும் இது வரும். ஆனா பொட்டியில 500 முட்டை ஒண்ணா இருந்தா, ஒரு கூமுட்டை வெடிச்சாலே அத்தனைக்கும் ஆபத்து.

இந்த ஈ.கோலை மாதிரி கிருமிகளுக்காகக் கோழிகளுக்குத் தாராளமா கொடுக்கப்பட்ட மருந்துகள்ல ஒண்ணு கோலிஸ்டின். வேற எதுவும் கேட்காதப்ப மனுஷங்களுக்குக் கடைசியா எடுக்கிற மருந்தும் அதேதான். அதுக்கு மசியாத தன்மையை ஒரு பாக்டீரியா இன்னொண்ணுக்குக் கைமாத்திவிடற மரபணுவை 2015-ல் சீனாவுல கண்டுபிடிச்சாங்க. உணவுக்காக வளர்க்கிற விலங்குகளுக்கு கோலிஸ்டின் கூடாதுன்னு இந்தியா 2019-ல் தடை போட்டுச்சு. அதாவது, பொட்டியைச் சுத்தமா வச்சிக்காததுக்கு மருந்தால ஈடு கட்டினா, அந்தப் பில்லு நம்ம ஐ.சி.யூ. வார்டுக்கு வரும்.

சரி, என் பொட்டிக்கு வருவோம். உட்கார்ந்து டீபக் பண்ணினதுல ரெண்டு தப்பு, ரெண்டுமே என்னுது. மூலையில இருந்த சென்சார் 37.5 காட்ட, பல்புக்குப் பக்கத்து முட்டைகள் 39-ஐத் தாண்டி இருந்திருக்கு. கடைசி நாள்ல சூடு கூடினா குஞ்சு அவசரமாப் பொரிக்கும், தொப்புள் மூடாது. ரெண்டாவது, அழுக்கா இருந்த முட்டைகளை ஈரத்துணியால துடைச்சேன். முட்டை ஓட்டு மேல இயற்கையா ஒரு பூச்சு இருக்கு. அதை அழிச்சு, ஈரத்தோட கிருமியையும் துளை வழியா உள்ள தள்ளியிருக்கேன்.

இப்படி ஆச்சுன்னா என்ன செய்யணும்? தொப்புள் சும்மா லேசா ஈரமா இருந்தா, காயத்துக்குப் போடற போவிடோன் அயோடினைத் தொட்டு வச்சு, மத்த குஞ்சு கொத்தாமத் தனியா, காய்ஞ்ச சுத்தமான துணி மேல 35 டிகிரி கதகதப்புல வைக்கணும். தொங்குற நூலைப் பிய்க்கக் கூடாது, தானா விழும். மஞ்சள் கரு இன்னும் வெளியே தெரிஞ்சா பொட்டியை விட்டே எடுக்காதீங்க, ஓட்டை உடைச்சு உதவியும் பண்ணாதீங்க. வயிறு உப்பி நாத்தம் அடிச்சா, பெரும்பாலும் பிழைக்காது. நாமளா மருந்துக்கடையில ஆன்டிபயாட்டிக் வாங்கி ஊத்தாம கால்நடை டாக்டர்கிட்ட போங்க. 2020-லிருந்து தேனிக்கே ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

ரெண்டாவது தடவை சென்சாரை முட்டை மட்டத்துக்கு இறக்கினேன். பொட்டியைக் கிருமிநாசினி போட்டுக் கழுவிக் காயவச்சேன். அழுக்கு முட்டையை வைக்கவே இல்லை. 24-ல் 17 பொரிச்சது. போனது ஒண்ணே ஒண்ணு.

குஞ்சுகளை எடுத்துட்டுப் பொட்டியைத் துடைக்கிறப்பதான் பார்த்தேன், மூலையில ஒரு இரும்புத் துண்டு. நான் வைக்கலை. அப்பத்தா திண்ணையில வெத்தலை மடிச்சுக்கிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி தெருவைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.