மண் தடமும் பந்தய எஞ்சினும்

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைப் பக்கம் செல்லும் மாணவர்கள், பட்டறைகளில் கடைசல் இயந்திரம் சுழலும் ஓசையைக் கேட்டிருப்பார்கள். மோட்டார்ப் பந்தயம் என்றதும் நாம் ஓட்டுநரையே நினைக்கிறோம். பட்டறையில் எஞ்சினைச் செப்பனிட்ட கைகளை மறந்துவிடுகிறோம். அக்கைகளின் வரலாற்றை இன்று சிறிது காண்போம்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதற்கெனத் தனித் தடம் ஏது? அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்காக அமைந்த மண் தடங்களே முதலில் பயன்பட்டன. 1901-ஆம் ஆண்டு அக்டோபரில், மிச்சிகன் மாநிலத்துக் கிராஸ் பாயின்ட்டில், ஹென்றி போர்டு அலெக்சாண்டர் விண்டனை வென்றது அத்தகைய தடத்திலேதான். 1903-இல் பார்னி ஓல்டுபீல்டு, போர்டின் ‘999’ என்னும் வண்டியில் ஒரு மைல் மண் தடத்தை ஒரு நிமிடத்துக்குள் சுற்றிவந்தார். அதன் எஞ்சின் கொள்ளளவு ஏறத்தாழ 18.9 லிட்டர்!

ஆயினும் வெற்றி பேரெஞ்சினிடமே தங்கிவிடவில்லை. 1908-இல் வெளிவந்த போர்டு ‘டி’ மாதிரி வண்டி, 2.9 லிட்டர் எஞ்சினும் 20 குதிரைத்திறனும் உடைய எளிய குடும்ப வண்டி. பட்டறைக்காரர்கள் அதன் மேற்கூட்டைக் கழற்றி எடையைக் குறைத்தனர். சிலிண்டர் தலையை மாற்றினர். மண் தடத்தில் ஓடவிட்டனர். செவர்லே சகோதரர்களின் ‘பிரான்டினாக்’ தலைகள் இதற்குப் புகழ்பெற்றவை. பின்னர், ஹாரி மில்லரின் எஞ்சினிலிருந்து வளர்ந்த ஆபென்ஹவுசர் எஞ்சினில் சிலிண்டர்த் தொகுதியும் தலையும் ஒரே வார்ப்பாக அமைந்தன. ஆகவே அவற்றின் இடையே கேஸ்கெட் கசியும் தொல்லை இல்லை. 1947 முதல் 1964 வரை இந்தியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தை ஆண்டுதோறும் வென்றது அதுவே.

அங்கே குதிரைத் தடம் உதவியதுபோல், இங்கே போர்க்கால விமான ஓடுபாதை உதவிற்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போரின்போது எழுந்த விமானத் தளம் பந்தயத் தடமாயிற்று. 1953-இல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றியது. அயல்நாட்டு வண்டிகளின் இறக்குமதி அரிதானபோது, பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற குடும்ப வண்டிகளின் எஞ்சின்களையே நம்மவர் பந்தயத்துக்குப் பழக்கினர். 1980-களில் கோவை கரிவரதன், 796 கன சென்டிமீட்டர் மாருதி எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை அமைத்தார்.

சிறிய எஞ்சினில் திறன் கூடுவது எவ்வாறு? சிலிண்டர் தலையின் அடிமுகத்தைச் சிறிது சீவினால் எரியறை சுருங்கும். பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை மேலும் அழுந்தும். எரியும்போது மிகுந்த திறன் பிறக்கும். ஆனால் அளவுக்கு மேல் சீவிவிட்டால் கலவை முறைதவறி வெடிக்கும்; பிஸ்டனும் பாழாகும். வெற்றிக்கும் சேதத்துக்கும் இடையே நின்றது அளவறிந்த ஒரு தொழிலாளியின் கை.

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் அமைந்தது. சோழவரத்தின் காலம் முடிந்தது. வென்றவர் பெயரைக் கோப்பைகள் சொல்லும். எஞ்சினைச் சீவியவர் பெயரோ பெரும்பாலும் எழுத்தில் ஏறவில்லை. மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் முதிய மெக்கானிக் ஒருவர் இருப்பார். அவர் அருகில் அமர்ந்து, அவர் கற்றதைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர் மறைந்தபின் அதைச் சொல்ல வேறு ஏடு இல்லை.