பொன்மலையும் சிறு விமானப் பறப்பும்

சிறு விமான ஆர்வலர்கள் தத்தம் விமானங்களிலேயே ஓர் இறங்குதளத்துக்குப் பறந்து வந்து, ஓரிரு நாள் கூடிக் கலைவது மேலைநாடுகளில் நெடுநாளைய வழக்கம். அமெரிக்காவில் 1953-இல் மில்வாக்கி நகரில் சிறிதாகத் தொடங்கிய அத்தகைய கூடுகை ஒன்று 1970 முதல் ஓஷ்கோஷ் நகரில் நடைபெறுகிறது. இன்று ஒரு வாரத்தில் ஏறத்தாழ 10,000 விமானங்கள் அதை ஒட்டி வந்திறங்குகின்றன. தமிழ்நாட்டில் இவ்வழக்கம் அந்த அளவுக்கு வேரூன்றவில்லை. ஆர்வம் குறைவு என்பது அதற்குக் காரணமாகாது.

சென்னையில் உணவு விடுதி நடத்திய ஜாக்கோமோ தாஞ்செலிஸ் 1910-லேயே, சிம்சன் நிறுவனத்தின் வண்டி கட்டும் தொழிலாளரைக் கொண்டு ஒரு விமானம் செய்து பல்லாவரத்தில் பறக்கவிட்டார். பின்னர் தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்கும் பறந்து காட்டினார். 1930-ஐ ஒட்டிச் சென்னைப் பறத்தல் கழகம் தோன்றியது. 1932 அக்டோபர் 15 அன்று டாடாவின் அஞ்சல் விமானம் கராச்சியிலிருந்து புறப்பட்டது. பம்பாய் வரை ஜே. ஆர். டி. டாடாவும், அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரை நெவில் வின்சென்ட்டும் ஓட்டினர். வழியில் அகமதாபாத்தில் விமானத்துக்கான பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்தது. விமானியின் பெயரை நினைவில் வைத்திருக்கும் வரலாறு, வண்டிக்காரரின் பெயரைக் குறித்து வைக்கவில்லை. ஆயினும் சிறு விமானம் ஓரிடம் சென்று சேர்வதும் சேராததும் தரையில் செய்யப்படும் இத்தகைய ஏற்பாடுகளைப் பொறுத்தே இருந்தது.

திருச்சிராப்பள்ளியின் முக்கியத்துவமும் இதிலிருந்தே விளங்கும். அக்காலத்தில் புகழ்பெற்ற 'புஸ் மாத்' விமானம் ஒருமுறை நிரப்பிய எரிபொருளில் சுமார் 480 கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் 680 கிலோமீட்டருக்கு மேல். எனவே, இடையில் எங்காவது இறங்கியே ஆகவேண்டும். 1935 நவம்பர் 27 அன்று கொழும்பை அடுத்த ரத்மலானைத் தளத்தில் முதன்முதலாக இறங்கியது, சென்னைப் பறத்தல் கழகத்தின் டிண்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த புஸ் மாத்தே. 1938-இல் டாடாவின் அஞ்சல் சேவை கொழும்பு வரை நீண்டபோது, அது திருச்சி வழியாகவே சென்றது.

விமானத் தளத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொன்மலையில், தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928 முதல் இயங்கிவந்தது. நாகப்பட்டினத்திலிருந்து இங்கு மாற்றப்பட்ட பணிமனை இது. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனின் அரச வான்படை விமானங்கள் இங்கே பழுது பார்க்கப்பட்டன. ரயில் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் பழகிய தச்சரும் கொல்லரும் கடைசல்காரரும் நிறைந்த இடம் என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. சென்னையில் வண்டி கட்டியவர்கள் 1910-இல் செய்ததன் பெரிய வடிவமே இது எனலாம். போர் முடிந்தபின் பணிமனை ரயிலுக்கே திரும்பியது.

இன்று திருச்சியில் ஒரு வார இறுதிக் கூடுகைக்குத் திட்டமிட்டால் கவனிக்க வேண்டியவை வேறு. கண்பார்வையை நம்பிப் பறக்கும் சிறு விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கலாம். ஒவ்வொரு பயணத்துக்கும் வான்பாதுகாப்பு அனுமதி எண் பெறவேண்டும். பன்னாட்டு விமானங்கள் வந்துபோகும் தளத்தில் நிறுத்த இடமும் நேரமும் கேட்டு வாங்க வேண்டும். ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்திருப்பதால், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று பெரும்பாலும் பாதையின் போக்கிலேயே வீசும் என்பது ஒரு வசதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூட்டம் கூட்டாமல் இருப்பது நல்லது.

எரிபொருள்தான் இன்றும் முதற்கேள்வி. பெரிய விமானங்கள் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுகின்றன. பிஸ்டன் எஞ்சின் கொண்ட பெரும்பாலான சிறு விமானங்களுக்கு 'ஏவ்காஸ்' எனும் தனிப் பெட்ரோல் வேண்டும். அது எல்லா நிலையங்களிலும் கிடைப்பதில்லை. நெடுங்காலம் இறக்குமதியையே நம்பியிருந்த இந்தியாவில், 2022-இல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதராவில் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. குஜராத்திலிருந்து திருச்சிக்கு அது லாரியில் வந்துசேர வேண்டும்.