பதினோரு பேரை யார் தேர்ந்தெடுப்பது?

கால்பந்து பார்க்கும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. அணி தோற்றால் யாரைத் திட்டுவது? மேனேஜரையா, அவருக்கு ஆள் வாங்கித் தராத நிர்வாகத்தையா? நான் ரொம்ப நாளாக 'எல்லா அதிகாரமும் மேனேஜருக்கே' கட்சி. இங்கிலாந்தின் பழைய கால்பந்து வரலாற்றைப் படிக்கப் படிக்க, பாதிக் கட்சி மாறிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இன்று நாம் சொல்லும் அர்த்தத்தில் மேனேஜர் என்று ஒருவரே கிடையாது. கிளப்பில் ஒரு செயலாளர் இருப்பார், கடிதம் எழுதுவார், கணக்குப் பார்ப்பார். சனிக்கிழமை யார் ஆடுவது என்பதை இயக்குநர்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்வார்கள். பெரும்பாலும் ஊரில் வசதியான வியாபாரிகள். பணம் போட்டவன் ஆளையும் தேர்ந்தெடுப்பான், அவ்வளவுதான் தத்துவம்!

இதை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஹெர்பர்ட் சாப்மன். ஹடர்ஸ்ஃபீல்டு அணியை 1924லும் 1925லும் லீக் சாம்பியன் ஆக்கிவிட்டு அர்செனலுக்கு வந்தார். அப்போது அர்செனலின் சேர்மன் ஹென்றி நோரிஸ். மேனேஜர் வேலைக்கு அவர் கொடுத்த விளம்பரத்திலேயே, பெரிய தொகை கொடுத்து ஆட்களை வாங்கித்தான் அணி கட்டுவேன் என்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று இருந்தது. ஆனால் பண விவகாரங்களில் சிக்கி 1927ல் கால்பந்துச் சங்கத்தின் தடைக்கு ஆளானார் நோரிஸ். சாப்மனுக்குக் கை அவிழ்ந்தது. 1928ல் டேவிட் ஜாக்கை வாங்கினார். 10,000 பவுண்டைத் தாண்டிய முதல் டிரான்ஸ்ஃபர் அது. 1930ல் எஃப்.ஏ. கோப்பை, 1931லும் 1933லும் லீக். மேனேஜர் என்றால் யார் என்று ஊருக்கே புரிந்தது.

ஆனால் எல்லோருக்கும் புரியவில்லை. இங்கிலாந்து தேசிய அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1946ல் வால்டர் விண்டர்பாட்டம் அதன் முதல் மேனேஜர் ஆனார். 1962 வரை இருந்தார். அத்தனை வருடமும் அணியைத் தேர்ந்தெடுக்கும் கடைசி அதிகாரம் ஒரு தேர்வுக் குழுவிடம்தான்! தோற்றால் பழி இவருக்கு, ஆள் தேர்வு அவர்களுக்கு. அடுத்து வந்த ஆல்ஃப் ராம்சே, தேர்வு முழுக்க என் கையில் இருந்தால்தான் வருவேன் என்றார். 1963ல் வந்தார், 1966ல் உலகக் கோப்பை. நான் மேனேஜர் கட்சியில் சேர்ந்ததற்கு இந்த ஒரு கதையே போதுமானதாக இருந்தது.

இனி கட்சி மாறிய கதை. அதற்குக் காரணம் ஒரே ஆள், பிரையன் கிளஃப்.

1967ல் கிளஃபும் அவருடைய துணை பீட்டர் டெய்லரும் டெர்பி கவுண்டிக்கு வந்தபோது அது இரண்டாம் டிவிஷனில் கிடந்த அணி. 1969ல் மேலே ஏற்றினார்கள். 1972ல் லீக் சாம்பியன். 1973ல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. சேர்மன் சாம் லாங்சன் ஆரம்பத்தில் கிளஃபைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியவர். ஆனால் 1972ல் டேவிட் நிஷ்ஷை 2,25,000 பவுண்டுக்கு வாங்கினார் கிளஃப். அன்றைக்கு பிரிட்டிஷ் சாதனைத் தொகை. இயக்குநர்களிடம் முன்கூட்டியே கேட்கவில்லை. இன்னொரு பக்கம் டி.வி., பத்திரிகை என்று எங்கும் அவர் வாய்தான். அதைக் குறைத்துக்கொள் என்றது நிர்வாகம். 1973 அக்டோபரில் இருவரும் ராஜினாமாக் கடிதம் நீட்டினார்கள். திருப்பித் தருவார்கள் என்று எதிர்பார்த்திருக்கலாம். நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் கொதித்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

இதுவரை கதையில் வில்லன் நிர்வாகம்தானே? அடுத்ததைப் பாருங்கள். கிளஃபின் இடத்துக்கு, டெர்பியின் பழைய கேப்டன் டேவ் மெக்காயைக் கொண்டு வந்தார்கள். 1975ல் டெர்பி மறுபடி சாம்பியன்! அப்படியென்றால் நிர்வாகம் செய்தது சரியா? அவசரப்பட வேண்டாம். 1976ல் மெக்காயையும் அனுப்பினார்கள். 1980ல் டெர்பி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது, 1984ல் மூன்றாவதற்கு.

கிளஃப்? 1974ல் லீட்ஸில் 44 நாள். ஆட்டக்காரர்கள் ஒத்துவரவில்லை, நிர்வாகம் கைவிட்டது. 1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். அது வித்தியாசமான கிளப். 1982 வரை லிமிடெட் கம்பெனியே அல்ல, உறுப்பினர்கள் கமிட்டி வைத்து நடத்திய கிளப். லாங்சன் மாதிரி கல்லாவில் உட்கார்ந்த முதலாளி யாரும் எதிரே இல்லை. கிளஃப் சொன்னதுதான் சட்டம். விளைவு நம்ப முடியாதது: 1977ல் முதல் டிவிஷன், 1978ல் லீக், 1979லும் 1980லும் ஐரோப்பியக் கோப்பை.

இங்கேயே நிறுத்தினால் 'மேனேஜருக்கே எல்லாம்' என்று முடித்துவிடலாம். நான் அப்படித்தான் வெகுநாள் முடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதே கிளப்பில் அதே ஆள் 1993 வரை இருந்தார். மதுப்பழக்கம் அவரை வாட்டியது, பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். 1992ல் டெஸ் வாக்கர் போனார், ஷெரிங்கம் விற்கப்பட்டார். ஷெரிங்கம் இடத்துக்குச் சரியான ஆள் வரவில்லை. பிரீமியர் லீகின் முதல் சீசனிலேயே ஃபாரஸ்ட் கடைசி இடம். 'ஐயா, போதும்' என்று சொல்லும் தெம்பு அங்கே யாருக்கும் இல்லை. அத்தனை கோப்பை வாங்கித் தந்தவரிடம் எப்படிச் சொல்வது? டெர்பியில் அவரைத் தடுக்க ஆள் அதிகம், ஃபாரஸ்டில் ஒருவரும் இல்லை. இரண்டுமே கடைசியில் கிளப்பைத்தான் கீழே இறக்கின.

மான்செஸ்டர் யுனைடெடும் இதே பாடத்தைக் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறது. மேட் பஸ்பி 1945ல் சேரும்போதே தேர்வு, பயிற்சி, டிரான்ஸ்ஃபர் எல்லாம் தன் கையில் வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். 1968ல் ஐரோப்பியக் கோப்பை வரை போனார். 1969ல் மேனேஜர் பதவியை விட்டாலும் கிளப்பை விடவில்லை. ஜெனரல் மேனேஜர், பிறகு இயக்குநர். அடுத்து வந்தவர்கள் அவர் நிழலிலேயே திணறினார்கள். 1974ல் யுனைடெட் இரண்டாம் டிவிஷன். 2013ல் அலெக்ஸ் ஃபெர்குசன் போனபோது அடுத்த மேனேஜரையும் அவரே கைகாட்டினார். அந்த டேவிட் மோயஸ் ஒரு சீசன்கூட முழுதாக நீடிக்கவில்லை.

ஆக, என் முடிவு இது. ஆடும் பதினோரு பேர் விஷயத்தில் மேனேஜர் சொல்வதே கடைசிச் சொல். நிர்வாகம் அதில் மூக்கை நுழைக்கக் கூடாது. யாரை வாங்குவது என்பதை மேனேஜர் சொல்லட்டும், எவ்வளவுக்கு என்பதை நிர்வாகம் சொல்லட்டும். எப்போது போவது, அடுத்து யார் என்பது மட்டும் முழுக்க நிர்வாகத்தின் வேலை. அதை வெற்றி பெற்ற மேனேஜரிடமே விட்டுவிடுவது மரியாதை போலத் தெரியும், உண்மையில் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

கிளஃபுக்குத் தேவைப்பட்டது அவரைப் பார்த்துப் பயப்படாத, அதே சமயம் அவர் மேல் பொறாமைப்படாத ஒரு சேர்மன். டெர்பியில் இரண்டாவது இல்லை, ஃபாரஸ்டில் முதலாவது இல்லை.