துளையும் பச்சையும்: திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

உடலிற் பச்சை குத்துவதையும், காது மூக்கு முதலிய உறுப்புக்களிற் துளையிடுவதையும் பற்றிய இன்றைய வாதங்கள் பெரும்பாலும் இரு தலைமுறையினரிடையே தோன்றிய மனவேறுபாடாகவே காட்டப்படுகின்றன. முதியோர் இவற்றை அந்நிய மோகம் என்கின்றனர். இளையோர் தனிமனித சுதந்திரம் என்கின்றனர். வரலாற்று நோக்கில் இவ்விரு கூற்றுக்களும் குறைபாடுடையன. இவ்வழக்கங்கள் எம்மிடையே பழையன. இவை பற்றிய கருத்துக்களே காலந்தோறும் மாறியுள்ளன. அம்மாற்றங்களை நிர்ணயித்தது குறியின் தன்மையன்று. குறியைத் தாங்கியவரின் சமூகநிலையே என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை ஆராய்வதற்குத் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசம் பொருத்தமான களமாகும். தொன்மையான சைவத் தலமாகிய இது, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் ஆகிய நால்வரும் போட்டியிட்ட கடற்படைத் தளமாகவும் விளங்கியது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் மாவட்டமும் இதுவே. ஒருவர் உடலை மற்றவர் நோக்கி மதிப்பிடும் சந்தர்ப்பங்கள் துறைமுகமொன்றில் ஏனைய இடங்களிலும் பார்க்க அதிகமாகும்.

பழைய மதிப்பீட்டினை முதலில் நோக்குவோம். ஏழாம் நூற்றாண்டிற் கோணமாமலையைப் பாடிய திருஞானசம்பந்தர், சீகாழியிற் பாடிய தம் முதற் பதிகத்தை இறைவனின் காதணியைக் கூறியே தொடங்குகின்றார். சோழர்காலச் செப்புத் திருமேனிகள் பலவற்றிற் சிவனது ஒரு செவியிற் குழையும் மற்றதிற் தோடும் அமைந்துள்ளன. ஆண்பாதி பெண்பாதி என்ற தத்துவம் செவித்துளையிற் தாங்கிய அணிகளின் மூலமே புலப்படுத்தப்படுகின்றது. 1622இற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனோ டி சா கோணேசர் கோயிலை இடித்தான். அக்கோயிலைச் சார்ந்தனவாகக் கருதப்படும் செப்புத் திருமேனிகள் 1950ஆம் ஆண்டு திருகோணமலை நகரில் நிலத்தை அகழ்ந்தபோது வெளிப்பட்டன. சோழர் கலைமரபைச் சார்ந்த அவ்வடிவங்களை உருவாக்கிய சமூகத்துக்குத் துளையுண்ட செவி குறைபாடன்று. அது நிறைவின் இலக்கணமாகும்.

அந்நியர் பார்வை இதற்கு மாறானது. 1660இற் கொட்டியாரக் குடாவிற் சிறைபிடிக்கப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் கழித்த றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலிற் கண்டிப் பெண்களின் காது வளர்ப்பை விபரிக்கின்றார். இளமையிலே காதைத் துளைத்து, சுருட்டிய தென்னோலையைச் செருகித் துளையைப் பெருக்குவர் எனக் கூறும் அவர், இவ்வழக்கம் அவர்களது அழகைக் கெடுப்பதாகத் தாம் கருதுவதையும் மறைக்கவில்லை. அணிந்தவர் அழகெனக் கொண்டதைக் கண்டவர் விகாரம் என்றார். நொக்ஸ் ஒரு கைதி. அவர் கருத்தினால் எவர் காதும் மாறவில்லை. ஆனால் அத்தகைய கருத்தினை உடையோர் பின்னர் ஆட்சியாளராயினர் என்பதே கவனிக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் தென்தமிழகத்து மிஷன் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பாம்படமும் தண்டட்டியும் தொங்கிய நீண்ட காதுகளை நாகரிகமின்மையின் சின்னமாகக் கொண்டன. மடலை வெட்டித் தைக்கும் சிகிச்சையும் நடைபெற்றது.

எனினும் பழைய சமூகத்தை இலட்சியப்படுத்துவது தவறாகும். செவித்துளை பொதுவாக இருந்ததேயன்றி, அதில் எதை அணியலாம் என்பது பொதுவாக இருக்கவில்லை. 1930ஆம் ஆண்டு இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்க சாதியினர் விதித்த எட்டுத் தடைகளுள், பொன்னும் வெள்ளியும் அணியலாகாது என்பதும் ஒன்று. பாக்கு நீரிணைக்கு இப்பால் யாழ்ப்பாணத்திலும் நகை அணியும் உரிமை சாதியால் மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. துளை உடலுக்குரியது, பொன்னோ அதிகாரத்துக்குரியது என்பதே நிலவுடைமைச் சமூகத்தின் நியதியாக இருந்தது.

பச்சையின் சமூகப் பொருளை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். சென்னை நூதனசாலையின் அத்தியட்சராயிருந்த எட்கார் தேர்ஸ்ற்றன் 1898இலும் 1906இலும் வெளியிட்ட குறிப்புக்களில், தென்னிந்தியக் குறவர் குலப் பெண்கள் ஊரூராகச் சென்று பச்சை குத்தியதைப் பதிவு செய்துள்ளார். மஞ்சளையும் அகத்தியிலையையும் சேர்த்தரைத்துத் துணியிற் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியிற் படியும் கரியை நீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து ஊசியாற் குத்துவர். கோலமும் தேளும் பெயரும் உழைக்கும் பெண்களின் கைகளில் இவ்வாறு பதிந்தன. செத்த பின்னும் கூடவரும் நகை பச்சையே என்ற நம்பிக்கை அம்மக்களிடையே நிலவியது. அடகு வைக்க இயலாதது, கள்வன் கவர இயலாதது, மேற்சாதியார் கழற்று எனக் கட்டளையிட இயலாதது என்ற வகையில் அந்நம்பிக்கை வெறும் மூடநம்பிக்கையன்று. பொன் மறுக்கப்பட்டோரின் தர்க்கமுமாகும். தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் இவ்வழக்கத்தைத் தம்முடன் இலங்கைக்குக் கொணர்ந்தனர். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் சில திருகோணமலை மாவட்டத்திலும் குடியேறின.

துறைமுகம் வேறொரு பச்சையை அறிமுகப்படுத்தியது. குக்கின் 1769ஆம் ஆண்டுத் தகித்திப் பயணத்தின் பின்னரே 'ரற்று' என்ற பொலினீசியச் சொல் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. அவ்வழக்கம் பிரித்தானியக் கப்பலோட்டிகளிடையே விரைவாகப் பரவியது. 1795இற் திருகோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியரின் கடற்படை, 1957 ஒக்டோபரில் தளத்தை இலங்கையிடம் ஒப்படைக்கும்வரை இங்கே நிலைகொண்டிருந்தது. நங்கூரமும் கப்பலும் காதலியின் பெயரும் பொறித்த கைகளைத் துறைமுக நகரங்கள் அன்றாடம் கண்டன. சென்னையின் யூரேசிய ஆடவரிடம் தேர்ஸ்ற்றன் கண்ட சிலுவையும் நங்கூரமும், கப்பலும், பெயரின் முதலெழுத்தும் இக்கடல்வழிப் பண்பாட்டின் தடயங்களே. ஆங்கிலேயரிடையிலும் மதிப்பீடு வர்க்கத்தையே சார்ந்திருந்தது. பின்னர் ஐந்தாம் ஜோர்ஜாக முடிசூடிய இளவரசர் 1881இல் ஜப்பானிற் பச்சை குத்திக்கொண்டது பயண நினைவாகக் கொள்ளப்பட்டது. சாதாரண மாலுமியின் புயத்தில் அதே மை ஒழுக்கக்கேட்டின் அறிகுறியாயிற்று.

இதனிலும் கொடியதொரு பயன்பாடும் இருந்தது. வங்காளத்திற் கிழக்கிந்தியக் கம்பனியின் 1797ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, ஆயுட்தண்டனை பெற்றோர் முதலியோரின் நெற்றியிற் குற்றத்தைப் பச்சையாகப் பொறிக்க விதித்தது. அது 1849இலேயே நீக்கப்பட்டது. பச்சை குத்துவதை அநாகரிகம் என்ற ஆட்சியே, தனக்கு வேண்டியபோது அதனைத் தண்டனைக் கருவியாகக் கையாண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தமும் இவ்விடயத்தில் இருமுகம் காட்டியது. ஆகமநெறி சாராத வழிபாடுகளை ஆறுமுக நாவலர் (1822-1879) கடுமையாகக் கண்டித்தார். சென்னை மாகாணத்திற் செடில் குத்தி ஆடுவது குறித்து 1850களிலும் 1890களிலும் மிஷனரிமாரும் அரச அதிகாரிகளும் உயர்குடியினரும் விவாதித்தனர். நேர்த்திக்கடன் செலுத்தியவரின் குரல் அவ்விவாதங்களில் அரிதாகவே ஒலித்தது. ஆயினும் அலகு குத்துதலும் செடிற் காவடியும் கிழக்கிலங்கையின் முருகன், அம்மன் ஆலயங்களில் மறையவில்லை. நோயும் வறுமையும் சூழ்ந்த வாழ்வில், தன் உடலையன்றி ஈடுவைக்க வேறெதுவும் இல்லாதவன் தெய்வத்துடன் செய்துகொள்ளும் உடன்படிக்கை அது. அதனைப் போற்றவேண்டிய அவசியமில்லை. ஆனால் அதன் காரணத்தை அறியாது இகழ்வது அறிவுடைமையுமன்று.

ஏனைய சமயத்தவரின் நோக்கும் கருதத்தக்கது. இஸ்லாமிய சட்டமரபு பச்சை குத்துவதை விலக்குகின்றது. பெண்கள் காது குத்துவதைப் பெரும்பாலான அறிஞர் அனுமதிக்கின்றனர். விவிலியத்தின் லேவியராகமம் உடலிற் குறியிடுவதை மறுக்கின்றது. ஆயினும் கிறிஸ்தவத் தமிழ்ப் பெண்கள் தோடணிவதைக் கைவிடவில்லை. ஆக, பச்சையில் வேறுபடும் சமூகங்கள் பெண்குழந்தையின் செவித்துளையில் ஒன்றுபடுகின்றன. ஆடவர் நிலை இதனின்று வேறாயிற்று. ஆங்கிலக் கல்வியும் அரச உத்தியோகமும் பெற்ற தலைமுறை கடுக்கனைக் கழற்றியது. பேரன் ஒற்றைக் காதில் தோடணிந்தபோது, பூட்டனின் கடுக்கனை மறந்த குடும்பம் அதனை மேனாட்டுச் சீரழிவு என்றது.

யுத்தகாலம் உடற்குறிக்கு உயிராபத்தான பொருளை அளித்தது. 1983 முதல் 2009 வரையான ஆண்டுகளிற் தமிழ் இளைஞரின் உடலிலுள்ள தழும்பு, அது வயலிலோ கடலிலோ நேர்ந்த காயமாயினும், சந்தேகத்துக்குப் போதிய காரணமாயிற்று. தாமே விரும்பி இடாத குறிக்கும் விளக்கம் கூறவேண்டிய நிலையில் ஒரு தலைமுறை வாழ்ந்தது. யுத்தம் முடிந்த பின்னரும் உடலை வாசிக்கும் அதிகாரம் ஓயவில்லை. புத்தரின் உருவைக் கையிற் பச்சை குத்தியிருந்த பிரித்தானியத் தாதி ஒருவர் 2014இற் கட்டுநாயக்காவிற் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2017இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 8 இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. வெளிநாட்டவர் ஒருவருக்குக் கிடைத்த அந்நீதி, தழும்பின் பொருட்டுத் தடுத்துவைக்கப்பட்ட உள்நாட்டவருள் எத்தனை பேருக்குக் கிட்டியது என்ற வினா எழுவது இயல்பே.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். தெய்வத்தின் செவியில் இலக்கணம், கண்டிப் பெண்ணின் செவியில் விகாரம். இளவரசனின் கையில் நினைவு, மாலுமியின் கையில் இழிவு. கூலிப்பெண்ணின் கையில் நாட்டுப்புறம், நகரத்து யுவதியின் கையில் நாகரிகம். குறி ஒன்றே, தீர்ப்புக்களே பல. எனவே பச்சையும் துளையும் நல்லனவா தீயனவா என்ற வினாவினும், ஓர் உடலிற் குறியிடவும் அக்குறிக்குப் பொருள் கூறவும் உரிமையுடையவர் யார் என்ற வினாவே அடிப்படையானது. பேசத் தெரியாத குழந்தையின் காதை உறவினர் சூழக் குத்தி மகிழும் குடும்பம், வயதுவந்த மகள் தன் கையிற் சிறு பச்சையொன்றைக் குத்தும்போது மானம் போயிற்று என வருந்துகின்றது. அவ்வருத்தத்தின் காரணம் ஊசியன்று. ஊசியைத் தேர்ந்தெடுத்தவள் அவளே என்பதுதான்.